ஒரு சாண் துணிக்குழாய்

கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தூங்கிப்போன என் பிள்ளைக்கு,

இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ பாயில் என்னை ஒட்டிப் படுத்துக்கொண்டு உன் கால்களை என் கால்கள்மேல் போட்டாய். போட்ட வேகத்திலேயே இழுத்துக்கொண்டாய். "அம்மா, ஒங்க காலு ஏன் ஜில்லுன்னு இருக்கு? கையி சூடாத்தானே இருக்கு?" என்றாய். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் உன் வாய் லேசாகத் திறந்துகொண்டது, தூங்கிவிட்டாய். பிறந்ததிலிருந்து இந்தக் கால்களோடுதான் இருக்கிறேன். பெற்றவர்கள் கேட்காத, கட்டியவரும் கேட்காத கேள்வி அது. அதற்குப் பதில் எனக்கே சமீபத்தில்தான் தெரியும். அந்தப் பதில் நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் நீளத்தில் இல்லை. அதனால் வளர்ந்து ஆளாகி, ஒருவேளை கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகிற வயதில் இருக்கும் உனக்கு எழுதுகிறேன். முன்பே எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் நான் சிங்கப்பூருக்குப் போகிறேன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் நெஞ்சைத் திறந்து, இதயத்துக்குப் பக்கத்தில் துணியால் செய்த ஒரு குழாயை வைத்துத் தைக்கப் போகிறார்கள்.

பயந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. பயம் இருக்கிறது, அது எப்போதும் இருப்பதுதான். நீ பிறந்த நாளிலிருந்து உனக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். இந்தப் பக்கத்தை எழுதும்போதே ஒரு தடவை எழுந்து வந்து உன் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டுப் போனேன். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது. இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருக்கிறது, இந்த வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை. நான் வாயைத் திறந்தால் உன் அப்பா சைக்கிளைத் துடைக்கப் போய்விடுகிறார். உன் அத்தை களைந்த அரிசியையே மறுபடியும் களைகிறார். கல்லூரியில் நான் இயற்கை விஞ்ஞானம் எடுத்துப் படித்தவள். சென்னையில் ஒரு தவளையை அறுத்து, அதன் இதயம் தட்டில் தனியாகக் கிடந்து துடித்ததைப் பார்த்து, பக்கத்துப் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டபோது நான் மட்டும் இன்னும் கிட்டே குனிந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கும் அந்த ஆசை இன்றும் போகவில்லை. இப்போது என்னவென்றால், நானே அந்தத் தவளையாகியிருக்கிறேன்.

உன்னால் இதை வாசிக்க முடியுமா என்றும் ஒரு சந்தேகம். மலாக்காவின் காஜா பேராங்கில் இந்தத் தெருவில் பிறந்த உன் அப்பாவின் ஆட்கள் பல தலைமுறையாக மலாய்தான் பேசுகிறார்கள். தமிழ் கோயிலில் இருக்கிறது, உறவு முறைகளில் இருக்கிறது, நாக்கில் இல்லை. உன் அப்பாவே என்னைக் கட்டிய பிறகுதான் தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசினார். நான் சிரம்பானிலிருந்து வந்தவள், ரயில்வே கிளார்க் மகள். உனக்கு இதுவரை 'அ' மட்டும் எழுத வந்திருக்கிறது, அதற்கும் வால் தலைகீழாகப் போகிறது. வாசிக்க முடியாவிட்டால் யாரையாவது வாசிக்கச் சொல். அழாமல் வாசிக்கிற ஆளாகப் பார்த்துக்கொள்.

சின்ன வயதில் எனக்கு அடிக்கடி தலைவலி வரும். என் அப்பா கூட்டிப்போன இடத்திலெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். பிடித்த ஒவ்வொருவரும் நாடியைப் புகழ்ந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இப்படி ஒரு நாடியா, குதிரை மாதிரி ஓடுகிறதே, இவளுக்கு ஒரு குறையும் வராது என்பார்கள். என் அப்பா அதைக் கேட்டு நிமிர்ந்து நடப்பார். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான். கல்யாணத்துக்கு முந்திய நாள் உன் அத்தைதான் எனக்கு மருதாணி வைத்தார். விடிந்து கழுவிப் பார்த்தால் கை கறுத்துப் போகிற அளவுக்குச் சிவந்திருந்தது. காலில் வெறும் வெளிறிய ஆரஞ்சு. ஒரே கிண்ணத்து மருதாணி, ஒரே கை வைத்தது. கூடியிருந்த பெண்கள் விடுவார்களா? கை மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டது, கால் சிரம்பானுக்குத் திரும்பி ஓடப் பார்க்கிறது என்று சிரித்தார்கள். இப்போது நினைத்தால், சூடு இல்லாத இடத்தில் மருதாணி பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். அம்மியில் மசாலா அரைக்க உட்கார்ந்தால் மூன்று பேர் அரைப்பதை நான் ஒருத்தியே அரைப்பேன், தோளும் கையும் அப்படி. ஆனால் கோயில் வரை நடந்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திர நாளை அறிவித்த அன்று மலாக்காவே அங்கே நின்றது. நான் மட்டும் உன்னை மடியில் வைத்துக்கொண்டு கடலோரச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுகள்தான். உன் அத்தை எனக்கு மலாயில் ஒரு பெயர் வைத்திருந்தார், தாங்கான் ராஜின், காக்கி மாலாஸ். கை சுறுசுறுப்பு, கால் சோம்பேறி. அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார், சரியாகத்தான் பார்த்திருந்தார். அதற்குக் குணத்தில் காரணம் தேடியதுதான் தப்பு. அந்தத் தப்பை நானும்தான் செய்தேன், நான் சோம்பேறி என்று நானே நம்பியிருந்தேன். நீ யாரையாவது சோம்பேறி என்று சொல்ல வாயெடுத்தால் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள். அந்த ஆளுக்குள் எங்கே எது போய்ச் சேரவில்லை என்று நமக்குத் தெரியாது.

போன வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. நிற்கவே இல்லை. உன் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர், தலை நரைத்தவர், கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது. மற்றக் கையிலும் பார்த்தார். பிறகு காலடிப் பக்கம் வந்து நின்று புடவை விளிம்பை விலக்கினார். நான் பதறிக் காலை மடக்கிக்கொண்டேன். என் அம்மா வயது, அவர் போய் என் காலைத் தொடுவதா?

"காலை நீட்டுங்கோ பிள்ளை," என்றார்.

"வேண்டாம் டாக்டர், நீங்க பெரியவங்க."

"நான் ஒண்டும் விழுந்து கும்பிட வரேல்லை. நாடி தேடுறன்."

நீட்டினேன். பாதத்தின் மேல், கணுக்காலின் உள்பக்கம், முழங்காலுக்குப் பின்னால் என்று விரல் வைத்து வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடைசியில் தொடையிலும் பட்டையைக் கட்டினார். "இத்தனை வருசமா ஒருத்தருமே உங்கட காலைத் தொட்டுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டார். யார் தொடுவார்கள்? நம் வீடுகளில் காலைத் தொடுவது வணங்குவதற்கு மட்டும்தான். வணங்குகிறவர் நாடி பார்க்க மாட்டார். எனக்கோ வணங்கப்படுகிற வயதே வரவில்லை.

அப்புறம் எக்ஸ்ரே எடுத்தார்கள். நான் கேட்டேன் என்பதற்காக டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தம்பி, அதை நீ பார்த்திருக்க வேண்டும். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி குடைப்பிடி மாதிரி மேலே வளைந்து, தலைக்கும் கைகளுக்கும் கிளை கொடுத்துவிட்டு, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்க வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கு இடது கைக்குக் கிளை பிரிந்த உடனேயே அந்தக் குழாய் இறுகி, ஒரு நூல் அளவுக்குக்கூடத் திறப்பு இருக்கிறதோ இல்லையோ என்கிற மாதிரி ஆகிவிட்டது. கருவில் உருவாகும்போதே அப்படி. அப்படியானால் இத்தனை வருடம் என் வயிறும் காலும் எப்படி உயிரோடு இருந்தன? அதுதான் ஆச்சரியம். இரத்தம் சும்மா இருக்கவில்லை. தோளிலிருந்தும் மார்பிலிருந்தும் போகும் மெல்லிய குழாய்களைத் தானே அகலமாக்கிக்கொண்டு, விலா எலும்புகளின் அடியோரமாகச் சுற்றிச் சுற்றி, அடைப்புக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் விலா எலும்புகளின் கீழ் விளிம்பு பூச்சி அரித்த இலை மாதிரி இருந்தது. அந்தக் குழாய்கள் பருத்துத் துடித்துத் துடித்து எலும்பையே தேய்த்திருக்கின்றன. எனக்குத் தெரியாமல், என்னிடம் கேட்காமல், இவ்வளவு வேலை உள்ளே நடந்திருக்கிறது. உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் படத்தை வாங்கி இன்னும் நெருக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பயம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

பயம் என்னைப் பற்றி அல்ல. இது பிறவியில் வருவது என்றால் உனக்கும் இருக்குமோ என்று. மறுநாளே உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா உன் தொடை இடுக்கில் விரல் வைத்தார், நீ கூச்சத்தில் நெளிந்து சிரித்து அவர் கண்ணாடியைப் பிடுங்கினாய். "இவருக்குக் குதிக்குது," என்றார். எனக்கும் தொட்டுக் காட்டினார். அந்தத் துடிப்பிலிருந்து விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ தூங்கும்போதெல்லாம் தொட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இதில் உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி ஒன்றே ஒன்று. உனக்குப் பிள்ளை பிறந்தால், கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், காலையும் பாருங்கள் என்று கேள். கேட்க வெட்கப்படாதே.

டாக்டரம்மா எங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அங்கிருந்த சர்ஜன் வெள்ளைக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். பிள்ளைகளாக இருந்தால் இறுகிய துண்டை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம் என்றார். என் வயதில் அது முடியாது. குழாய் விறைத்துவிட்டது, முனைகள் எட்டாது, சுற்றிலும் பருத்த கிளைக் குழாய்கள், கை வைத்தால் இரத்தம் பீறிடும். ஆகவே அடைப்பை அப்படியே விட்டுவிட்டு, மேலே இடது கைக்குப் போகும் குழாயிலிருந்து கீழே முதுகை ஒட்டி இறங்கும் குழாய்க்கு ஒரு புது வழி போடுவார். மேசை இழுப்பறையைத் திறந்து அந்த வழியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன், வெள்ளை வெளேரென்ற துணிக்குழாய். சீனர் கடைக் காகித விளக்கு போல மடிப்பு மடிப்பாக இருந்தது. வளைத்தாலும் நடுவில் நசுங்காமல் இருப்பதற்காகத்தான் அந்த மடிப்பு. டெரிலின் நூல் என்றார். உன் அப்பா அன்று போட்டிருந்த சட்டையும் டெரிலின்தான். நான் சட்டையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன்.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். செத்துப்போவேனா என்று கேட்டேன். போகலாம், என் கையில் சிலர் போயிருக்கிறார்கள் என்றார். கால் விழுந்துபோகுமா என்று கேட்டேன். தண்டுவடத்துக்கு இரத்தம் தடைப்பட்டால் அதுவும் நடக்கலாம், ஆனால் உங்கள் கிளைக் குழாய்கள் நன்றாக இருப்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றார். இந்த மாதிரி துணிக்குழாய் எத்தனை பேருக்கு வைத்திருக்கிறீர்கள்? அதிகம் இல்லை. செய்யாவிட்டால்? அப்போதுதான் அவர் கொஞ்சம் தயங்கினார். அமைதியாக வாழ்ந்தால், இனிப் பிள்ளை பெறாமல் இருந்தால், சில நல்ல வருடங்கள் கிடைக்கும். எத்தனை என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் தலையில் ஒரு குழாய் வெடிக்கலாம், அல்லது இதயம் களைத்துப்போகலாம். முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று, உன் அப்பாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது மூவார் ஆற்றில், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் பெரிப் படகுக்காகக் காத்திருந்தோம். வாடகைக் கார் வரிசையில் நின்றது. உன் அப்பா காரிலிருந்து இறங்கி அக்கரையைப் பார்த்தார்.

"வேணாம் லா," என்றார். "பாலம் இல்லாட்டி என்னா? பெரி இருக்கு. எல்லாரும் அக்கரைக்குப் போய்க்கிட்டுத்தானே இருக்காங்க."

"பெரி நிக்கிற நாளும் இருக்குல்ல?"

"அப்ப நாமும் இக்கரையிலேயே உக்காந்திருப்போம்."

நிலங்களை அளந்து பட்டா எழுதும் அலுவலகத்தில் வேலை பார்க்கிற மனிதர், இவ்வளவு நீளமாகத் தமிழில் அவர் வாதாடி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. நிச்சயமான சில வருடங்களை, உன்னோடு இருக்கும் வருடங்களை, நான் ஏன் கொண்டுபோய்ப் பந்தயத்தில் வைக்க வேண்டும்? அவை என்னுடையவை மட்டும் இல்லை, உன்னுடையவையும்தான். உன்னைக் கேட்காமல் உன் பங்கையும் சேர்த்து வைக்கிற உரிமை எனக்கு யார் கொடுத்தது? நான் இப்போது உனக்கு எழுதுவதற்கு உண்மையான காரணம் இதுதான். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லும் வயது உனக்கு இல்லை.

உன் அத்தை ஒரு மாதம் என்னோடு இதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் தையல் மெஷினில் உட்கார்ந்தவர் தலையைத் தூக்காமல், அந்தத் துணி என்ன நிறம் என்று கேட்டார். வெள்ளை என்றேன். மெஷின் நின்றுவிட்டது. சுமங்கலிப் பெண்ணுக்குள் வெள்ளைத் துணியை வைத்துத் தைப்பதா? வைக்கும்போதே இரத்தத்தில் நனைந்து சிவப்பாகிவிடும் அக்கா என்றேன். "செகப்புன்னா சரி," என்று மலாயில் சொல்லிவிட்டு மறுபடி மிதித்தார். பிறகு அவருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது, துணி என்றால் ஒழுகாதா? எனக்கு அது தோன்றவே இல்லை, தம்பி. கல்லூரி வரை போனவளுக்குத் தோன்றாமல் போனது வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தைவிட ஆர்வம் முந்திக்கொண்டது. கெபாயாச் சட்டைக்கு வாங்கி வைத்திருந்த மெல்லிய ரூபியாத் துணியில் ஒரு கீற்றை வெட்டிக் குழாயாகத் தைத்தோம். ஒரு முனையைச் சமையலறைக் குழாயில் கட்டித் தண்ணீரைத் திறந்தால் பக்கவாட்டில் மழையாகக் கொட்டியது. உன் அத்தையின் சாரோங் நனைந்தது. கஞ்சியில் முக்கி உலர்த்திப் பார்க்கலாம் என்றார். கஞ்சி போட்டது கொஞ்ச நேரம் நின்றது, அப்புறம் ஊறி இளகி அதுவும் ஒழுகியது. நீ நடுவில் புகுந்து அந்தக் குழாயைத் தும்பிக்கையாக்கிக்கொண்டு ஓடினாய். அதைப் பார்க்க எனக்குத் துக்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. மறுநாள் நான் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். துணி ஒழுகத்தான் செய்யும், அதனால் முதலில் உங்கட இரத்தத்தையே கொஞ்சம் எடுத்துத் துணியை நனைச்சு வைப்பினம், இரத்தம் உறைஞ்சு இழைக்கு நடுவில இருக்கிற கண்ணையெல்லாம் அடைச்சுப் போடும், பிறகு உள்ளுக்குள்ள உங்கட சதையே அதில படர்ந்து வளரும் என்றார். நான் வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அன்று அரிசியை ஒரு தடவைதான் களைந்தார்.

போகிப் பர்ச்சு வந்தது. இந்த வீட்டில் செத்துப்போன பெரியவர்களுக்கு வாழையிலை போட்டு, ஒவ்வொருவருக்கும் உயிரோடு இருந்தபோது என்ன பிடித்ததோ அதைச் சமைத்துப் படைக்கிற நாள் அது. அத்தை அடுப்படியில் நின்று, மாமனாருக்குப் புளி ஊற்றிய மீன் அசாம், மாமியாருக்கு ஒட்டரிசிப் புளூட் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பி, உனக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டுவிட்டார். உன் அப்பா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். "இடியாப்பம், சொதி," என்றேன். அத்தைக்கு அப்போதுதான் தான் கேட்டது என்ன, எந்த நாளில் கேட்டோம் என்பது உறைத்தது. பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கத்தான் கேட்டேன் என்று கத்தினார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் இன்னும் போவதாகச் சொல்லவே இல்லை, அதற்குள் என்ன கட்டுச்சோறு என்று உன் அப்பா கேட்டார். அப்படித்தான் அந்தப் பேச்சு அன்றைக்கு வெளியே வந்தது.

இலை எடுத்த பிறகு, உன் அப்பா கோயிலுக்குப் போயிருந்தபோது, அத்தை என் எதிரில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் சொன்னது மலாயில், தமிழ் மட்டும் என்னுடையது. உன் பாட்டனாரும் பாட்டியும் அடுத்தடுத்துப் போனபோது உன் அப்பாவுக்குப் பதினோரு வயது, வளர்த்தது அத்தைதான் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

"ஒன் புருசன் பதினோரு வயசுல அம்மாவைப் பறிகொடுத்தவன். இன்னிக்கு வரைக்கும் அவன் தூங்கி எந்திரிச்சா ஒரு நிமிசம் வாசலைப் பாப்பான், நீ கவனிச்சிருக்கியா? நாலு வயசுப் புள்ளைக்கு அது இல்லை. ஆறு மாசம் அழுவான், அப்புறம் என்னை அம்மாம்பான். மறந்துடுவான். போறதா இருந்தா இப்பவே போ. நாலஞ்சு வருசம் கழிச்சு அவனை விட்டுட்டுப் போகாதே."

அடித்த மாதிரி இருந்தது. எவ்வளவு கொடூரமான பேச்சு, ஆனால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் உன் அப்பாவைத்தான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எனக்குக் கிடைக்கும் அந்தச் சில நல்ல வருடங்கள் முடியும்போது நீ ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் வயதில் இருப்பாய். இன்றைக்கு நான் போனால் நீ என்னை மறப்பாய். மறப்பதுதான் உனக்கு நல்லது. ஒரு தாய்க்கு இதைவிடக் கசப்பான ஆறுதல் இருக்குமா தெரியவில்லை, ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் போகிறேன் என்றேன். அவர் வாதாடவில்லை. அத்தை சொன்னதை நான் அவரிடம் சொல்லவும் இல்லை. நீயும் சொல்லாதே.

ஆக, வளர்ந்த என் பிள்ளையே, நீ மறந்துபோயிருக்கிற ஒருத்தியின் கடிதமாக இது உன் கையில் இருக்கலாம். அப்படியானால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். உன்னை விட்டுப் போகவென்று நான் போகவில்லை. உன்னோடு நீளமாக இருக்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். கொஞ்சம் அந்தக் குழாய் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளவும்தான். நீ புரண்டு படுக்கிறாய், விழிக்கப் போகிறாய். நிறுத்துகிறேன்.

மேலே எழுதியது தை மாதம். இப்போது ஐப்பசி மழை. இத்தனை மாதமும் இந்தக் காகிதங்கள் என் பெட்டிக்கடியில் கிடந்தன. எழுத உட்காருவதற்கு நேரமில்லை என்று சொன்னால் நம்புவாயா? நடந்துகொண்டிருந்தேன். செமாபோக் வரைக்கும் நடந்தேன். உஜோங் பாசிரில் மீன் வாங்க நடந்தே போனேன்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என் நெஞ்சுக்குள் நடந்ததை என்னைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். விழித்தபோது இடது பக்கம் முழுவதும் நெருப்பாக எரிந்தது. முதலில் கட்டைவிரலை அசைக்கச் சொன்னார்கள், அசைந்தது. நர்ஸ் ஒருத்தி என் பாதத்தில் விரல் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் யாரையோ கூப்பிட்டாள், பிறகு இன்னொருத்தி வந்தாள், ஒவ்வொருவராக வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. சர்ஜன் மறுநாள் வந்தார். என் இரத்தம் எவ்வளவு நேரத்தில் துணியை அடைத்தது என்று கேட்டேன். சீக்கிரமே என்றார், இதைக் கேட்ட முதல் நோயாளி நீங்கள்தான் என்றும் சொன்னார். அடைப்பு அப்படியே இருக்கிறது. விலா எலும்பின் அரிப்பும் இருக்கிறது. புது வழி வந்ததும் பழைய சுற்று வழிகள் என்ன ஆகும், சுருங்கிவிடுமா, அல்லது பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் சுமந்துகொண்டே இருக்குமா என்று கேட்டேன். வருடங்கள் போகட்டும், பார்ப்போம் என்றார். அந்தத் துணி எத்தனை காலம் தாங்கும் என்பதற்கும் அதே பதில்தான். ஆக அவருக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் காத்திருந்து பார்க்க வேண்டிய ஆட்கள்.

வீட்டுக்கு வந்தபோது நீ என்னிடம் வரவில்லை. அத்தையின் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் நின்றாய். அத்தை உன்னை முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார், நீ மலாயில் மாட்டேன் என்றாய். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை, அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொன்னது அவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போல. அன்றிலிருந்து தினமும் உன்னிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் காகிதங்களை மறுபடி எடுத்தேன். ஓடவும் செய்யலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது, நான் இன்னும் துணியவில்லை. சாயங்காலம் மழை விட்டிருந்தது. உனக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தெருவில் இறங்கி ஓடினாய். உனக்கு ஒரு சட்டம் இருந்தது. கோயில் முனை வரைக்கும் ஓடி, அங்கே நின்று திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாய். நான் வாசலில் நின்று கூப்பிடுவேன், கெஞ்சுவேன். உனக்கு மனம் வந்தால் வருவாய். அம்மா என்பவள் வாசல்வரைக்கும்தான் என்று உனக்குத் தெரியும். நேற்று முனையில் ஒரு மாட்டு வண்டி திரும்பியதைப் பார்த்தேன். கிண்ணம் எங்கே போனது என்று தெரியாது. ஓடினேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் எழுந்து நின்று பார்க்க ஓடினேன். நீ நின்று திரும்பி இடுப்பில் கை வைப்பதற்குள் உன் தோளைப் பிடித்துவிட்டேன். வண்டி உண்மையில் அவ்வளவு பக்கத்தில்கூட வரவில்லை, வண்டிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்.

நீ ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாய். வலித்ததால் இல்லை. "நீங்க புடிக்கக் கூடாது! நீங்க ஓட மாட்டீங்க!" என்று தெருவில் உட்கார்ந்து தமிழில் அழுதாய். நான் விளையாட்டில் ஏமாற்றிவிட்டேன் என்று உன் வழக்கு. உன்னைச் சமாதானப்படுத்தாமல் நானும் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு மூச்சு வாங்கியது, கெண்டைக்காலில் சூடு ஏறியிருந்தது, நெஞ்சுக்குள் என் துணி அடித்துக்கொண்டிருந்தது. அத்தை கிண்ணத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவரையும் திட்டினார்.

இன்று காலை உன்னிடம் நேற்று அம்மா ஓடினேனே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாய், ஆனால் உன் கவனம் முழுவதும் ஒரு எறும்பின் மேல் இருந்தது. உன் வயதில் இதெல்லாம் நிற்காது, இதையும் மறந்துவிடுவாய். மறந்துகொள். நான் இருக்கிறேன், கேட்கும்போது சொல்கிறேன்.

உன்னைத் துரத்திப் பிடித்த
அம்மா